லொக்கேசன் வந்தால் வேலை

எங்கள் அம்மா ஒரு செட்டுக்குத் தலைவி. செட் என்றால் காப்பிப் பழம் பறிக்கப் போகிற பெண்களின் கூட்டம். அம்மாவையும் சேர்த்துப் பதினாலு பேர். இன்றைக்குக் கிளியூர்ப் பக்கம் ஒரு தோட்டம், நாளைக்கு மாரமங்கலம் பக்கம் ஒரு தோட்டம் என்று பழம் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே போவார்கள். முந்தின நாள் சாயங்காலம் ஏதாவது ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் போன் பண்ணி ஆள் கேட்பார். உடனே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பதிமூணு வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவாள். ஏற்காட்டில் பதிமூணு வீடு என்றால் பதிமூணு மேடு, பதிமூணு பள்ளம். அவளுக்கு முழங்கால் போனதே அப்படித்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது இதற்கு ஒரு முடிவு கட்டினேன். ஆன்லைன் வகுப்புக்காக வாங்கின போன் வீட்டில் இருந்தது. போன் அம்மாவுடையது. ஆனால் அவள் பேச மட்டும்தான் எடுப்பாள், மற்ற ராஜ்ஜியமெல்லாம் என்னுடையது. செட்டுப் பெண்கள் வீட்டிலும் பிள்ளைகளுடையதோ வீட்டுக்காரருடையதோ ஒரு போன் இருந்தது. எல்லாரையும் சேர்த்து ஒரு குரூப் ஆரம்பித்தேன். அவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, மீதிப் பேருக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. அதனால் எழுத்தே வேண்டாம் என்று ஒரே ஒரு சட்டம் போட்டேன். லொக்கேசன் வந்தால் வேலை. சாயங்காலம் வந்தால் மறுநாள் விடியலில், பகலில் வந்தால் அப்போதே, இடுப்பில் கட்டுகிற சாக்குப்பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். குரூப்பில் இருக்கிற ஜீப்காரர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, போன் காட்டுகிற வழியில் போய்ச் சேர்வார். எங்கே, எதற்கு என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

"என்ற புள்ள கண்டுபுடிச்சதுங்க" என்று அம்மா பார்க்கிற ரைட்டரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டு ஒழுங்காகப் படித்திருக்கலாம். ப்ளஸ் டூ வந்ததும் காதலிக்கப் போனேன்.

அவன் சேலத்துக்காரன். கல்லூரியில் முதல் வருஷம். நான் ஒருநாள் ஹேர்பின் வளைவில் மூடுபனி ஏறுவதைப் பத்து விநாடி எடுத்து ரீல்ஸ் போட்டிருந்தேன். அதன் கீழே வந்து, "இந்தச் சொர்க்கத்துல யாருங்க இருக்கறது?" என்று கேட்டான். பனியைப் பார்த்தால் ஐயோ துணி காயாதே என்று மட்டுமே நினைக்கிற ஊரில் பிறந்தவள் நான். எங்கள் ஊர் சொர்க்கம் என்று ஒருத்தன் சொன்னதும், அங்கே இருக்கிற தேவதை நான்தான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். இதில் அவன் தப்பு பாதிதான்.

அவன் நம்பரை "கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று பதிந்து வைத்தேன். என் மூளை அந்த வயசில் அவ்வளவு தூரம்தான் எட்டியது. கெமிஸ்ட்ரி டீச்சர் காலையில் ஆறு மணிக்குக் குட்மார்னிங் சொன்னார். எழுந்தாயா, குளித்தாயா, சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று கேட்டார். ஒரு நாளைக்கு முப்பது தடவை போன் ஒலித்தால் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்துக் கொடுப்பாள். "உங்க டீச்சரு நொம்ப அக்கறையுங்கண்ணு. என்னைய எல்லாம் எந்த வாத்தியாரும் திரும்பிக்கூடப் பாக்கல, அதான் இப்படி மரத்தப் புடிச்சு ஆட்டிக்கிட்டுக் கெடக்கறேன்" என்பாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசும். ஆனாலும் போனை வாங்கிக்கொண்டு பாறைக்கு ஓடுவேன்.

பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது எஸ்டேட் லைன் வீடு. வரிசையாக எட்டு வீடு, நடுவில் ஒரு குழாய். வீட்டுக்குள் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பேசுவதற்கும் வருகிற மெசேஜுக்கும் எப்படியோ இழுத்துப் பிடித்து வரும், பதிலும் படமும் போக வேண்டுமானால் பின்னால் இருக்கிற துணி காயப்போடும் பாறை மேல்தான் ஏற வேண்டும். முதல் மாதம் அவன் பதிலுக்கு ராத்திரி வரை காத்திருந்தான். இரண்டாவது மாதம் ஒரு மணி நேரம். தீபாவளி வருவதற்குள் அது இரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. இரண்டு நிமிஷத்துக்குள் பதில் போகாவிட்டால், "யார்கூட இருக்க?" என்று வரும்.

எங்கள் வீட்டுக் கதவிலிருந்து பாறைக்கு ஓட ஒரு நிமிஷம் இருபது விநாடி ஆகும். அளந்து வைத்திருந்தேன். சும்மா ஓடினால் லைனில் எட்டு வீடும் பார்க்கும் என்பதால் கையில் ஒரு துணியைப் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒரே பச்சைப் பாவாடையை ஒரு நாளில் ஆறு தடவை காயப்போட்டிருக்கிறேன். கொட்டுகிற பனியில், நாலடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாத பனியில், பாவாடையை உதறிப் பாறையில் விரித்துவிட்டு ஒரு கையால் "வீட்ல தான் இருக்கேன், சத்தியமா" என்று அடித்துக்கொண்டிருப்பேன். "ஏங்கண்ணு, இந்தப் பாவாடை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கேட்டாள். சுத்தம் என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். எங்கள் அம்மா நம்பக் கூடியவள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிற இடம்.

அவன் கேட்பதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. போனைத் திறக்கிற நம்பரைக் கேட்டான், கொடுத்தேன். காதல் என்றால் ஒளிவு மறைவு கூடாதாம். என் இன்ஸ்டாகிராம் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டான், அதையும் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் என் மாமா பையன் அங்கே இல்லை, வகுப்புப் பையன்கள் இல்லை, பழனிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்ட என் பெரியப்பா கூட இல்லை. எல்லாரையும் அவனே நீக்கிவிட்டான். பெரியப்பாவுக்கு அறுபது வயசு என்றேன். "ஆம்பளதானடி?" என்றான். நான் சிரித்தேன். என்மேல் அவனுக்கு இவ்வளவு ஆசையா என்று உண்மையாகவே பூரித்துப் போனேன். அந்தப் பெண்ணை இப்போது பார்த்தால் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன். பிறகு கட்டிக்கொள்வேன்.

பெரியப்பாவோடு நிற்கவில்லை. மாமா பையன் புது வண்டி வாங்கி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன். அந்த வாரம் அவன் வழக்கம்போல் பைக்கில் மலையேறி வந்து ஏரிக்கரையில் பார்த்தபோது, என் போனைத் திறந்து அதைக் கண்டுபிடித்தான். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, சுண்டு விரலைப் பின்னால் வளைத்தான். சுற்றிலும் டூரிஸ்டுகள், பட்டாணி விற்கிறவர், படகுக்கு நிற்கிற வரிசை. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் கை கோத்து நிற்கிற மாதிரி இருந்திருக்கும். "எந்த விரல்ல போட்ட? இதுலயா?" என்றான். விரல் வீங்கிவிட்டது. பெஞ்சில் நசுங்கிவிட்டது என்று சொன்னேன். அம்மா மஞ்சள் பற்று போட்டு, பள்ளிக்கூடத்துப் பெஞ்சைத் திட்டினாள். சாயங்காலம் அவனிடமிருந்து நாற்பத்து மூணு "சாரி" வந்தது. எண்ணினேன். அத்தனை சாரி சொல்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் எப்போதும் நான் சுமார்தான்.

விலகிவிடலாமா என்று லேசாக ஒருநாள் கேட்டேன். பதிலாக ஒரு படம் வந்தது. ஏரிக்கரை பெஞ்சில் நான் அவன் தோளில் தலை சாய்த்திருக்கிற படம். கீழே எங்கள் அப்பாவின் போன் நம்பர். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். அன்பானவர்தான். ஆனால் எங்கள் லைனுக்குக் கீழே மூணாவது வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். அவள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அவளுடைய படம் இப்படி ஏதோ ஒன்று போனில் சுற்றியது. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் புத்தகங்களை எனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போனாள், ஒன்றில் கூடப் பாதிக்கு மேல் கோடு போட்டிருக்கவில்லை. செட்டுப் பெண்களின் பிள்ளைகளில் ப்ளஸ் டூ வரைக்கும் வந்தவள் நான் ஒருத்தி. அந்தப் படம் அப்பாவுக்குப் போனால் என் புத்தகங்கள் யாருக்குப் போகும் என்று மட்டும்தான் எனக்கு யோசனை. அதனால் இரண்டு நிமிஷத்தை ஒன்றரை நிமிஷம் ஆக்கினேன். இன்னும் வேகமாக ஓடினேன்.

அரையாண்டு விடுமுறை. மார்கழிப் பனி. ஒரு தோட்டத்தில் பறிப்பு முடிந்து அடுத்த இடம் அமையாததால் அன்றைக்குச் செட்டுக்கு வேலை இல்லை. காலையில் அவனிடமிருந்து உத்தரவு வந்தது. சேர்வராயன் கோயில் உச்சிக்கு வர வேண்டும். பஸ்ஸில் ஏறியதும் லைவ் லொக்கேசன் போட வேண்டும். நான் எங்கே இறங்குகிறேன், யாரோடு பேசுகிறேன், எங்கே நிற்கிறேன் என்று அவன் பார்த்துக்கொண்டே இருப்பானாம். கெமிஸ்ட்ரிக்கு ஸ்பெஷல் கிளாஸ், போனில் நோட்ஸ் அனுப்புவார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "டீச்சருக்கு ரெண்டு ஆரஞ்சு கொண்டு போ கண்ணு" என்று பையில் போட்டுக் கொடுத்தாள். ஆரஞ்சோடு கிளம்பினேன்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. பக்கத்தில் ஒருவர் கோழியை மடியில் வைத்திருந்தார். "லைவ் போடு. இப்பவே" என்று மெசேஜ் வந்தது. பதறிப்போய்ப் போனைத் திறந்தேன். லொக்கேசன் அனுப்புவது என்றால் என் கட்டைவிரலுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் போன வழி. மேலே முதலில் நிற்கிற குரூப், சிவப்புக் காப்பிப் பழம் படம், அதைத் தொடு, அனுப்பு. விரல் தன்பாட்டுக்குப் போய் வந்துவிட்டது. சிக்னலும் அத்தோடு அறுந்துவிட்டது. நான் நிம்மதியாகக் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேர்வராயன் உச்சி மொட்டையாக இருக்கும். புல், பாறை, காற்று. கோயில் கூட ஒரு குகைக்குள்தான். கூட்டம் வருகிற திருவிழா மே மாதத்தில். அன்றைக்குப் பனியில் ஈ காக்கை இல்லை. அவன் பைக் பக்கத்தில் நின்றிருந்தான். ஆரஞ்சை நீட்டினேன். தட்டிவிட்டான். ஒன்று உருண்டு புல்லுக்குள் போனது.

"லைவ் எங்கடி?"

"போட்டேனே."

"பொய் சொல்லாத. குடு போன."

பிடுங்கி நம்பரை அடித்துத் திறந்தான். உச்சியில் சிக்னல் நன்றாக வரும். போன் அவன் கையில் துள்ளத் தொடங்கியது. ஒரு வாய்ஸ் மெசேஜைத் தொட்டான். "கண்ணு, இதா கெளம்பிட்டேங் கண்ணு, அஞ்சு நிமிசம்" என்று கட்டைக் குரல் ஒன்று வந்தது.

அது எங்கள் செட்டு அத்தை. நாற்பது வருஷம் மலைச்சரிவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கத்திக் கத்திக் குரல் உடைந்து போனவள். அவள் ஹலோ சொன்னால் ஐயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"யாருடி இவன்? கண்ணுங்கறான், கெளம்பிட்டேங்கறான்?"

"அவன் இல்ல. அத்தை."

"ஆம்பளக் குரல்டி இது!"

அடுத்ததைத் தொட்டான். அதே குரல். "கண்ணு, பை எத்தன கொண்டாறது? ஏணியும் வேணுமா?"

அறைந்தான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு சொல்லத் தெரிந்த எனக்கு இதை மட்டும் அப்படிச் சொல்ல வரவில்லை. காது அடைத்துப் போயிற்று. நான் அழக்கூட இல்லை, சுற்றும் முற்றும் யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் பார்த்தேன். பனிதான் இருந்தது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபடி, இப்போதே அப்பாவுக்கு அனுப்புகிறேன், இப்போதே, என்றான். அனுப்பாதே என்று நான் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அறைந்தவனிடம் கெஞ்சினேன். அவ்வளவு பயம் எனக்கு.

அப்போது பனிக்குள் ஜீப் ஹாரன் கேட்டது.

அந்த ஜீப்பை நான் எங்கே இருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்வேன். மஞ்சள் விளக்கு இரண்டு தெரிந்தது. வந்து நின்றது. பின்பக்கம் திறந்து ஒவ்வொருவராகக் குதித்தார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, கிளையை வளைக்கிற கொக்கிக் கம்பு. இரண்டு பேர் ஏணியை இறக்கினார்கள். எல்லாரும் நின்று அந்த மொட்டை வெளியைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா," என்றாள் அத்தை, ஜீப்பின் முன்சீட்டைப் பார்த்து. "இங்க என்னத்தைங்க பறிக்கறது? புல்லயா?"

முன்சீட்டிலிருந்து அம்மா இறங்கினாள். அவளும் சட்டை போட்டு, சாக்குக் கட்டி, வேலைக்கு வந்திருந்தாள். பிறகு தெரிந்துகொண்டேன். பெண்கள் வீட்டு வாசலில் வந்து லொக்கேசன் வந்திருக்கிறது என்றபோது, யாரும் ஆள் கேக்கலையே என்று யோசித்திருக்கிறாள். ரைட்டர் கூப்பிட்டு, போன் வைத்திருக்கிற மகள் அனுப்பியிருப்பாள் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வரைபடத்தில் புள்ளி ஏன் நகர்கிறது என்று ஜீப்காரர் மட்டும் கேட்டாராம். தோட்டம் பெருசா இருக்கும் என்றாளாம் அத்தை.

அம்மா என்னைப் பார்த்தாள். என் கன்னத்தைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த என் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் அதை விட்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி," என்றாள். "அது என்ற போனுங்க."

அவ்வளவு மரியாதையாகக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டான். அதற்குள் அத்தை பைக்கிலிருந்து சாவியை எடுத்து, மேலே போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுப் பட்டனையும் போட்டுக்கொண்டாள். அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அவள் எதைப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க தம்பி," என்றாள் அம்மா. "நீங்கதான் கெமிஸ்ட்ரி டீச்சருங்களா?"

யாரோ ஒருத்தி சாக்கால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவனுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். இவ எனக்கு என்னென்ன அனுப்பியிருக்கா தெரியுமா, அவங்கப்பாவுக்கே போட்டோவ அனுப்பறேன் பாருங்க என்று தன் போனை எடுத்தான்.

"அவருக்கு எதுக்குங்க? வண்டி ஓட்டற மனுசன். எனக்குக் காட்டுங்க."

காட்டினான். வேறு என்ன செய்வான், பதினாலு கொக்கி நிற்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா நிதானமாகப் பார்த்தாள். செட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக எதை நினைத்து நான் சோறு இறங்காமல் கிடந்தேனோ, அதை ரேஷன் கார்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"தலைய வாரீட்டுப் போயிருக்கலாம் கண்ணு," என்றாள் அம்மா.

"இது அந்த ஏரிக்கரை பெஞ்சு தானுங்க?" என்றாள் இன்னொருத்தி. "என்ற ஊட்டுக்காரரும் நானும் அதுலதான் உக்காந்து போட்டோ புடிச்சோம்."

நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படம் அவ்வளவுதானா? ஒரு பெஞ்சு, வாராத தலை. அதற்காகவா நான் பனியில் பாவாடை காயப்போட்டேன்?

அழிக்கச் சொன்னாள் அம்மா. அழித்தான். இது போதாது என்றாள் அத்தை. வந்ததுக்குச் சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம், தம்பியும் வரட்டும், சூடம் அடித்துச் சத்தியம் பண்ணட்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் சூடத்தை ஏற்றி அதன்மேல் கையடித்துச் சொல்கிற சொல்லை யாரும் லேசில் மீற மாட்டார்கள். அவன் சேலத்துக்காரன், மீறுவானோ என்னவோ. ஆனால் அந்தக் குகைக்குள் குனிந்து குனிந்துதான் போக வேண்டும். முன்னால் ஏழு பேர், பின்னால் ஏழு பேர், நடுவில் அவன். இரண்டு இடத்தில் தலையை முட்டிக்கொண்டான். வேறு எங்கேயும் படம் வைத்திருக்கவில்லை, இனிமேல் இவளைக் கூப்பிட மாட்டேன் என்று கையடித்தபோது அவன் குரல் எங்கள் அத்தையின் குரலை விட மெல்லிசாக இருந்தது.

வெளியில் வந்து சாவி கேட்டான். "அக்கா, சாவியக் குடு."

"குடுங்க," என்றாள் அத்தை.

"குடுங்க."

"குடுங்கக்கா."

"குடுங்கக்கா."

கொடுத்தாள். கூடவே புல்லில் கிடந்த ஆரஞ்சையும் எடுத்துச் சட்டையில் துடைத்து அவன் கையில் வைத்தாள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால், பசியோட மலை எறங்கக் கூடாது என்கிறாள்.

சத்தியத்தை அவன் இரண்டு தடவை மீறினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது நம்பரிலிருந்து கூப்பிட்டான். இரண்டு தடவையும் அம்மாதான் எடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்" என்றாள். அப்புறம் வரவில்லை.

அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது என்னோடு யாரும் பேசவில்லை. திட்டினால் கூடத் தேவலை என்று இருந்தது. சாக்குகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தி மடியிலிருந்து கொய்யாக்காய் எடுத்து நீட்டினாள். கடித்தால் கன்னம் வலித்தது, கையிலேயே வைத்திருந்தேன். படத்தைப் பற்றிய பயம் போய்விட்டது. பழைய பயம் அப்படியே இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பதிமூணு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் போன் பீரோவுக்குள், நான் வீட்டுக்குள். புத்தகங்களை யாருக்குக் கொடுப்பது என்று மறுபடியும் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். போன் ஒலித்தது. ஒரு ரைட்டர். சரிங்க, சரிங்க, பதினாலு பேருங்க என்றாள். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். போய் நின்றேன். இதோ வருகிறது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"இது என்னமோ நம்பர் போட்டாத்தான் தொறக்குமாமே?"

"ஆமாம்மா."

"அந்த நம்பரு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மாத்து."

நம்பரை மாற்றுகிற இடத்தைத் திறந்தேன். "என்ன நம்பர்ம்மா போடட்டும்? உனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி..."

"எனக்கெதுக்குச் சொல்ற?" என்றாள் அம்மா, களியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன்ற நம்பரு. நீ மட்டும் வெச்சுக்க. கேக்கறவன் எவனா இருந்தாலும், நானா இருந்தாலும் குடுக்காத."

மாற்றினேன். போனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கு மாரமங்கலத்துக்கு அக்கட்ட, ரெண்டாவது தோட்டம். லொக்கேசன் போட்டுட்டுப் போயிப் படி. உங்கப்பங்கிட்ட நான் சொல்லிக்கறேன், நீ பரீச்சைய எழுதற வழியப் பாரு. கெமிஸ்ட்ரியாச்சும் படிக்கறியா, இல்ல அதுவும் பொய்யா?"

படிக்கிறேன் என்றேன். அந்த ஒன்று மட்டும் உண்மை. பாறைக்குப் போய், குரூப் தானா என்று மூணு தடவை சரி பார்த்து லொக்கேசன் போட்டேன். கையில் பாவாடை எதுவும் எடுத்துப் போகவில்லை. திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அத்தையின் வாய்ஸ் மெசேஜ். அடுப்படியிலேயே நின்று சத்தமாக வைத்தேன்.

"ஏங்கண்ணு, இதாச்சும் காப்பித் தோட்டந்தானா? இல்ல, இங்கயும் எவனாச்சும் நிக்கறானா? நிக்கறான்னா சொல்லு, ஏணிய விட்டுட்டு வரோம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபோது கன்னம் நன்றாக வலித்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.